அல்ஜீரியாவைக் காப்பாற்ற அழைத்து வரப்பட்டவர், அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்த கதை: யார் இந்த சார்லஸ் டி கோல்?

புதுச்சேரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் அடுத்தடுத்து இரண்டு விடுமுறை வரும். 15-ம் தேதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 16-ம் தேதி எதற்கு? பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் அது. வருஷம் 1962.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது 1954 நவம்பர் 1. இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே மாதம். அப்புறம் ஏன் பாரிஸ் நாடாளுமன்றம் ஆறு வருஷம் அந்தக் காகிதத்தைக் கிடப்பில் போட்டது?

பதில் மத்தியதரைக் கடலின் தென்கரையில், அல்ஜீரியாவில் இருக்கிறது. அங்கே சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இன்னொரு இடத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்குக் கைதூக்க பிரெஞ்சு எம்.பி.க்கள் தயாராக இல்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர் கிட்டத்தட்ட ஆறரை அடி உயரமுள்ள ஒரு ஜெனரல். பாரிஸில் விமானம் ஏறி இறங்கியவர்களுக்கு அவர் பெயர் பழக்கமானதுதான்: சார்லஸ் டி கோல். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது ஷார்ல் து கோல்.

தப்பிக்க முடியாத உயரம்

1890 நவம்பர் 22-ல், வடக்கு பிரான்ஸின் லீல் நகரத்தில் பிறந்தார். அப்பா ஆசிரியர். பக்தியான கத்தோலிக்கக் குடும்பம். சான் சிர் ராணுவக் கல்லூரியில் படித்து 1912-ல் அதிகாரியாக வெளியே வந்தார். முதலில் சேர்ந்த படைப்பிரிவின் தலைவர் கர்னல் பிலிப் பெத்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

முதல் உலகப் போரில் மூன்று முறை காயம்பட்டார். 1916-ல் வெர்டன் போர்க்களத்தில் ஜெர்மானியர்கள் அவரைப் பிடித்தார்கள். சிறையிலிருந்து ஐந்து முறை தப்பப் பார்த்தார், ஐந்தும் தோல்வி. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு எந்த வேஷம் போட்டால்தான் கூட்டத்தில் கலக்க முடியும்!

போர் முடிந்தபின் எழுத்தும் பாடம் நடத்துவதுமாக வருஷங்கள் ஓடின. வருங்காலப் போரை பீரங்கி வண்டிகள், அதாவது டாங்குகள்தான் தீர்மானிக்கும் என்று 1934-ல் ஒரு புத்தகம் எழுதினார். மேலதிகாரிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் எல்லையில் கான்கிரீட் கோட்டை கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மன் டாங்குகள் அந்தக் கோட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தன.

ஒரு கீழ்ப்படியாமை

1940 ஜூன் மாதம் அவருக்கு 49 வயது. தற்காலிக பிரிகேடியர் ஜெனரல் பதவி கிடைத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. அமைச்சரவையில் ராணுவத் துறைக்கு இளநிலை அமைச்சராக இரண்டு வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. அதற்குள் பிரதமர் ராஜினாமா செய்ய, அந்த இடத்துக்கு 84 வயது மார்ஷல் பெத்தான் வந்தார். வந்ததும் ஜெர்மனியிடம் போர்நிறுத்தம் கேட்டார்.

ஜூன் 17 காலை டி கோல் போர்தோ நகரத்திலிருந்து ஒரு சின்ன பிரிட்டிஷ் விமானத்தில் ஏறி லண்டன் போய்விட்டார். மறுநாள் பிபிசி வானொலியில் பேசினார். போர் இத்தோடு முடியவில்லை, போராட நினைப்பவர்கள் தன்னோடு தொடர்புகொள்ளலாம் என்பதுதான் சாரம். பிரான்ஸில் அதை நேரடியாகக் கேட்டவர்கள் குறைவு. ஒலிப்பதிவுகூட மிஞ்சவில்லை.

ராணுவக் கணக்கில் இது சட்டப்படி அமைந்த அரசுக்கு எதிரான கலகம். ஆகஸ்டில் பெத்தான் அரசின் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஐந்து வருஷம் கழித்துக் காட்சி தலைகீழானது. துரோகக் குற்றத்துக்காகப் பெத்தானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தவர் டி கோல்.

இந்தக் கீழ்ப்படியாமையை நினைவில் வைத்தால்தான் பின்னால் வரும் கதை புரியும். 1961-ல் நான்கு ஜெனரல்கள் இவருக்கு எதிராகக் கிளம்பியபோது, அவர்கள் மனதில் இருந்த உதாரணம் 1940-ன் டி கோல்தான்.

லண்டனில் அவரிடம் பணமும் இல்லை, படையும் இல்லை. முதலில் கைகொடுத்தவை காலனிகள். ஆப்பிரிக்காவில் சாட் நாட்டின் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவே அவர் பக்கம் வந்தார். 1940 செப்டம்பரில் புதுச்சேரியில் ஆளுநர் லூயி போன்வானும் வந்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருக்கும்போது வேறு வழி அவ்வளவாக இல்லை என்பதும் உண்மைதான்.

சர்ச்சில் ஆதரித்தார், அடிக்கடி சண்டையும் போட்டார். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கடைசிவரை நம்பவில்லை. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு ஜெனரல் நாளைக்கு சர்வாதிகாரியாக மாட்டார் என்று என்ன நிச்சயம் என்பது அவரது சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். 1943-ல் டி கோல் தன் தலைமையகத்தை அல்ஜியர்ஸ் நகரத்துக்கு மாற்றினார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த ஆணை 1944 ஏப்ரலில் அங்கிருந்துதான் வெளிவந்தது. ஆகஸ்ட் 25-ல் பாரிஸ் மீண்டது.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு தேதி உண்டு. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். அல்ஜீரியாவின் செத்திஃப் நகரில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது. கலவரம் வெடித்து நூறு ஐரோப்பியர்கள் வரை கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க பிரெஞ்சு ராணுவம் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்களைக் கொன்றது. அப்போது பிரான்ஸின் தற்காலிக அரசுக்குத் தலைவர் டி கோல்.

ஃபோன் வராத பன்னிரண்டு வருஷம்

1946 ஜனவரி 20-ல் அவராகவே பதவியை விட்டு இறங்கினார். கட்சிகளின் இழுபறியும், வலுவில்லாத அரசுத் தலைவர் பதவியும் அவருக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரமே திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். கூப்பிடவில்லை. ஒரு கட்சி ஆரம்பித்தார், அதுவும் நிலைக்கவில்லை. கொலம்பே என்ற கிராமத்து வீட்டில் உட்கார்ந்து போர் நினைவுகளை எழுதினார்.

அந்த வீட்டை அவர் 1934-லேயே வாங்கியதற்குக் காரணம் கடைசி மகள் ஆன். 1928-ல் டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவள். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்கள் இப்படிப் பிறக்கும் குழந்தைகளை எங்காவது காப்பகத்தில் விட்டுவிடும். இவர்கள் விடவில்லை. வெளியே யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாத மனிதர், வீட்டில் மகளுக்காகப் பாடுவார், கதை சொல்வார். 1948-ல் 20 வயதில் அவள் இறந்தாள். அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களுக்காக அவள் பெயரில் டி கோலும் மனைவி இவோனும் நடத்திய அறக்கட்டளைக்குப் புத்தக வருமானத்தில் ஒரு பகுதி போனது.

1958: துப்பாக்கி முனையில் வந்த அழைப்பு

அல்ஜீரியா மற்ற காலனிகளைப் போல அல்ல. சட்டப்படி அது பிரான்ஸின் ஒரு பகுதி. அங்கே சுமார் பத்து லட்சம் ஐரோப்பியர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அவர்களைப் போல ஒன்பது மடங்கு இருந்த முஸ்லிம்களின் ஓட்டுக்கு அதே மதிப்பு இல்லை. 1954 நவம்பர் 1-ல் விடுதலை முன்னணியின் ஆயுதப் போர் ஆரம்பித்தது. தற்செயலாக, புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய அதே நாள்.

நான்கு வருஷத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் அங்கே குவிந்தார்கள். பலர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த 20 வயதுப் பையன்கள். கைதிகளைச் சித்திரவதை செய்வது வழக்கமாகிப்போனது. இந்தப் படையில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்களும் இருந்தார்கள். ஊரில் 'சொல்தா' என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சு ராணுவத்தினர்.

பாரிஸிலோ அரசுகள் மாறிக்கொண்டே இருந்தன. 12 வருஷத்தில் 20-க்கும் மேற்பட்ட அமைச்சரவைகள். வியட்நாமில் தோற்றுத் திரும்பிய ராணுவ அதிகாரிகள், அல்ஜீரியாவையும் அரசியல்வாதிகள் விற்றுவிடுவார்கள் என்று கொதித்தார்கள். 1958 மே 13-ல் அல்ஜியர்ஸ் நகர ஐரோப்பியர்கள் அரசு அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். ஜெனரல் மசூ அங்கே ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றார். பதினோரு நாளில் பாராசூட் படை கோர்சிகா தீவைப் பிடித்தது. அடுத்தது பாரிஸ்தான் என்று திட்டம் தயாராக இருந்தது.

கலகக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. டி கோல் வரவேண்டும்.

அவர் கலகத்தைத் தூண்டினாரா? அதற்கு ஆதாரம் இல்லை. கண்டித்தாரா? அதுவும் இல்லை. பொறுப்பேற்கத் தயார் என்று மட்டும் அறிக்கை விட்டார். 67 வயதில் சர்வாதிகாரியாகும் ஆசை தனக்கு இல்லை என்று நிருபர்களிடம் கிண்டலாகச் சொன்னார். ஜூன் 1-ல் நாடாளுமன்றம் 329-க்கு 224 என்ற கணக்கில் அவரைப் பிரதமராக ஏற்றது. ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போட்டார்கள், எத்தனை பேர் பாராசூட்டுக்குப் பயந்து போட்டார்கள் என்பது வேறு கேள்வி. என் பார்வையில், அவருடைய வாழ்க்கையில் மிக இருட்டான பதினைந்து நாட்கள் இவை. சட்டப்படி வந்தார் என்பது உண்மை. வாசலில் துப்பாக்கி நின்றதும் உண்மை.

ஜூன் 4-ல் அல்ஜியர்ஸ் போய், பால்கனியில் நின்று, கூட்டத்தை தான் புரிந்துகொண்டதாகச் சொன்னார். என்ன புரிந்தது என்று சொல்லவில்லை. கீழே நின்ற ஐரோப்பியர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

அந்த செப்டம்பரில் புதிய அரசியல் சாசனத்துக்கு சுமார் 80 சதவீத ஆதரவு கிடைத்தது. வலுவான குடியரசுத் தலைவர், எளிதில் கவிழாத அரசு. இன்றைய பிரான்ஸ் இயங்குவது இதே சாசனத்தில்தான். ஆப்பிரிக்கக் காலனிகளுக்கும் ஓட்டு இருந்தது. வேண்டாம் என்று சொன்ன கினியாவுக்கு உடனே சுதந்திரம் கிடைத்தது, கூடவே தண்டனையும்: அதிகாரிகளைத் திரும்ப அழைத்து, உதவியையும் நிறுத்தினார். மனிதருக்குப் பெருந்தன்மை எல்லா நேரத்திலும் இருந்ததில்லை.

மனம் மாறியது எப்போது?

1959 செப்டம்பர் 16-ல் டி.வி.யில் தோன்றி, அல்ஜீரியர்களின் எதிர்காலத்தை அவர்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்யலாம் என்று அறிவித்தார். பிரிந்துபோவதும் அதில் ஒரு வாய்ப்பு. பால்கனிக்குக் கீழே நின்றவர்களுக்கு இடி விழுந்தது போல இருந்தது.

முதலிலிருந்தே இதுதான் திட்டமா, வழியில் மனம் மாறினாரா என்று வரலாற்றாய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். காரணங்கள் மட்டும் தெளிவு. போர் பணத்தைத் தின்றது. ஐ.நா.வில் பிரான்ஸ் தனிமைப்பட்டது. ராணுவத்தைப் பாலைவனத்திலிருந்து மீட்டு அணு ஆயுதப் படையாக மாற்ற நினைத்தார். 1960 பிப்ரவரியில் முதல் பிரெஞ்சு அணுகுண்டு வெடித்தது, அதே அல்ஜீரிய சஹாராவில். அந்த ஒரே வருஷத்தில் ஆப்பிரிக்காவில் பிரான்ஸின் ஆளுகைக்கு உட்பட்ட 14 நாடுகள் சுதந்திரம் பெற்றன. அல்ஜீரியாவை மட்டும் பிடித்துவைத்திருப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

1961 ஜனவரியில் பொது வாக்கெடுப்பு நடத்தினார். 75 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

டிரான்சிஸ்டரில் தோற்ற கலகம்

ஏப்ரல் 22 அதிகாலை. ஷால், ஜுவோ, செல்லெர் ஆகிய மூன்று ஜெனரல்கள் அல்ஜியர்ஸைக் கைப்பற்றினார்கள். நான்காவதாக சலான் வந்து சேர்ந்தார். பாராசூட் படைகள் அவர்கள் கையில். பாரிஸில் பீதி. பிரதமர் மிஷேல் டெப்ரே நள்ளிரவு ஒளிபரப்பில், விமான நிலையங்களுக்குப் போய் வீரர்களைத் தடுக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். நடந்தோ காரிலோ எப்படியாவது போங்கள் என்ற அளவுக்குப் பதற்றம்.

ஏப்ரல் 23 இரவு எட்டு மணிக்கு டி கோல் பேசினார். கோட் சூட் இல்லை. பழைய ராணுவ உடை. கலகக்காரர்களுக்குக் கீழ்ப்படிவதை எல்லா பிரெஞ்சுக்காரர்களுக்கும், முக்கியமாக ஒவ்வொரு வீரருக்கும் தடை செய்தார்.

முகாம்களில் இருந்த பையன்களிடம் புதிதாக ஒரு பொருள் இருந்தது: பாட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் ரேடியோ. மேலதிகாரி சொல்வதைத் தாண்டி, நாட்டின் தலைவர் சொல்வதை அவர்கள் நேரடியாகக் கேட்டார்கள். உத்தரவுகளை மெதுவாகச் செய்தார்கள், சிலர் செய்யவே இல்லை. 21 வருஷத்துக்கு முன்னால் யாரும் கேட்காத வானொலிப் பேச்சில் அரசியலை ஆரம்பித்தவர், இந்த முறை எல்லோரும் கேட்ட பேச்சில் ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டார். நான்கு நாளில் கலகம் ஓய்ந்தது. ஷால் சரணடைந்தார். சலான், ஜுவோ தலைமறைவாகி ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய ஆயுத அமைப்பை நடத்தினார்கள். குண்டுகள் அல்ஜீரியாவில் மட்டுமல்ல, பாரிஸிலும் வெடித்தன.

கலகத்தின்போது எடுத்த அவசரகால அதிகாரத்தை அவர் சும்மா நான்கு நாளோடு விடவில்லை. ஐந்து மாதம் கையில் வைத்திருந்தார்.

யார் விலை கொடுத்தார்கள்?

பேச்சுவார்த்தை இழுத்தது. ஒரு காரணம் சஹாராவின் எண்ணெய். அதை விட்டுத்தர டி கோலுக்கு மனம் வர 1961 செப்டம்பர் ஆனது. அந்த மாதங்களிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1961 அக்டோபர் 17 இரவு, தங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து பாரிஸில் அல்ஜீரியர்கள் குடும்பமாக ஊர்வலம் போனார்கள். போலீஸ் தாக்கியது. பலர் கொல்லப்பட்டார்கள், உடல்கள் சேன் நதியில் மிதந்தன. எண்ணிக்கையை அரசு பல வருஷம் மறைத்தது. நகரப் போலீஸ் தலைவர் மோரிஸ் பபோன். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் யூதர்களை நாடுகடத்த உதவியதற்காக 1998-ல் தண்டனை பெற்ற அதே பபோன். அவரை டி கோல் பதவியிலிருந்து எடுக்கவில்லை.

1962 மார்ச் 18-ல் எவியான் ஒப்பந்தம். ஏப்ரலில் பிரான்ஸ் மக்கள் 90 சதவீதத்துக்கு மேல் அதை ஆதரித்தார்கள். ஜூலை 5, அல்ஜீரியா சுதந்திர நாடு. போரில் இறந்தவர்கள் அல்ஜீரிய அரசின் கணக்கில் 15 லட்சம். பிரெஞ்சு ஆய்வாளர்களின் கணக்கு அதைவிட மிகக் குறைவு, ஆனாலும் லட்சங்களில்தான்.

சில மாதங்களில் லட்சக்கணக்கான ஐரோப்பியர்கள் பெட்டியோடு கப்பலேறினார்கள். அவர்களுக்காவது கப்பல் இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தோடு துணைப்படையாக நின்ற அல்ஜீரிய முஸ்லிம்களை, ஹர்கிகள் என்பார்கள், பிரான்ஸுக்கு அழைத்துவர வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. விட்டுவிட்டு வந்தவர்களில் பல்லாயிரம் பேர் பழிவாங்கப்பட்டுக் கொல்லப்பட்டதாக மதிப்பீடு. எப்படியோ தப்பி வந்தவர்கள் முள்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2021-ல்தான் அதிபர் மக்ரோன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். டி கோல் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16, ஆகஸ்ட் 22

அல்ஜீரியா முடிந்ததும் கிடப்பில் இருந்த மற்ற காகிதங்களும் நகர்ந்தன. அதே ஜூலையில் புதுச்சேரி ஒப்பந்தத்துக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16-ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விடுமுறை இப்படி வந்ததுதான்.

ஆறு நாள் கழித்து, பாரிஸுக்கு வெளியே பெத்தி கிளாமார் என்ற இடத்தில் அவரது சித்ரோயன் காரை மறித்துச் சுட்டார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். டயர் வெடித்தும் டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. உள்ளே இருந்த டி கோல், மனைவி, மருமகன் மூவருக்கும் காயமில்லை. 'தி டே ஆஃப் தி ஜேக்கல்' நாவலோ படமோ தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். திட்டம் போட்டவர் பாஸ்தியான்-திரி, ராணுவ லெப்டினன்ட் கர்னல். 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெத்தானுக்குக் கிடைத்த கருணை இவருக்குக் கிடைக்கவில்லை.

உயிர் பிழைத்த கையோடு டி கோல் இன்னொரு வேலை செய்தார். குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பொது வாக்கெடுப்பு வைத்தார். நாடாளுமன்றத்தைத் தாண்டிப்போன இந்த வழி சாசனத்துக்கு விரோதம் என்று சட்ட நிபுணர்கள் கத்தினார்கள். எம்.பி.க்கள் அவரது அரசைக் கவிழ்த்தார்கள். அவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். வாக்கெடுப்பில் 62 சதவீதம் வாங்கி ஜெயித்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பிரெஞ்சு அரசு கவிழ்ந்தது அதற்குப் பிறகு 2024 டிசம்பரில்தான், பார்னியே அரசு.

இரண்டாவது வெளியேற்றம்

அடுத்த வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய எதிரி ஜெர்மனியோடு 1963-ல் நட்பு ஒப்பந்தம். ஐரோப்பியச் சந்தையில் பிரிட்டன் சேர இரண்டு முறை தடை. 1964-ல் கம்யூனிஸ்ட் சீனாவுக்கு அங்கீகாரம். 1966-ல் நேட்டோவின் ராணுவத் தலைமை அமைப்பிலிருந்து விலகல்.

1968 மே மாதம் மாணவர்களும் தொழிலாளர்களும் நாட்டையே நிறுத்திவிட்டார்கள். மே 29-ல் 77 வயது அதிபர் பிரதமருக்குக்கூடச் சொல்லாமல் காணாமல் போனார். ஜெர்மனியின் பாடன்-பாடனுக்குப் பறந்து அங்கிருந்த பிரெஞ்சுப் படைத் தளபதியைச் சந்தித்தார். தளபதி வேறு யாருமல்ல, பத்து வருஷத்துக்கு முன் அல்ஜியர்ஸில் கலகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மசூ. மறுநாள் திரும்பி வந்து வானொலியில் தேர்தல் அறிவித்தார், அவரது அணி பெரிய வெற்றி பெற்றது. இரண்டு வாரம் கழித்து சலான் சிறையிலிருந்து வெளியே வந்தார். இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு.

1969-ல் செனட் சபையையும் மாகாணங்களையும் மாற்றியமைக்க ஒரு வாக்கெடுப்பு வைத்தார். தோற்றால் பதவி விலகுவேன் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார். விலகத் தேவையே இல்லாத விஷயம். ஏப்ரல் 27-ல் 52 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். நள்ளிரவு தாண்டியதும் இரண்டு வரி அறிக்கை வந்தது: அன்று மதியத்திலிருந்து பதவியில் இல்லை. பதவிக்காலத்தில் இன்னும் மூன்றரை வருஷத்துக்கும் மேல் மிச்சமிருந்தது. ரூஸ்வெல்ட்டின் சந்தேகத்துக்குப் பதில் அந்த இரண்டு வரியில் வந்தது. ஆனால் ரூஸ்வெல்ட் செத்து 24 வருஷம் ஆகிவிட்டது.

1970 நவம்பர் 9 மாலை, கொலம்பே வீட்டில் தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். 80 வயதாக இரண்டு வாரம் பாக்கி. தன் அடக்கத்துக்கு அதிபர்களோ அமைச்சர்களோ வரக்கூடாது, கிராமத்தில் எளிமையாக நடக்க வேண்டும் என்று 1952-லேயே எழுதி வைத்திருந்தார். உலகத் தலைவர்கள் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தில் கூடியபோது சவப்பெட்டி அங்கே இல்லை. கொலம்பேயில் ஊர் இளைஞர்கள் அதைத் தூக்கிப் போய், ஆனின் கல்லறைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மேலே பெயரும் இரண்டு வருஷங்களும் மட்டும் பொறித்த ஒரு வெள்ளைக் கல்.